ரசிகர்களுக்கென்றே வந்த ஸ்பின்-ஆஃப் கேமுக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

2021 பிப்ரவரியில், 'பெர்சோனா 5' என்ற ஜப்பானிய கேமிலிருந்து கிளைத்த ஸ்பின்-ஆஃபான 'பெர்சோனா 5 ஸ்ட்ரைக்கர்ஸ்' வந்தபோது அடித்துப் பிடித்து ஒரு விமர்சனம் எழுதினேன். "அருமையான பயணம், தாராளமாக ஆடலாம்" என்று முடித்திருந்தேன். 2022 ஜனவரியில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு அந்த மாத கேம்களில் ஒன்றாக அதையே கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் தோழியின் தம்பி அதை இறக்கி வைத்துக்கொண்டு, என் விமர்சனத்தையும் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வந்தது: "அக்கா, ஆரம்பிச்சு அரை மணி நேரமாச்சு. எல்லாரும் ரொம்ப நாள் கழிச்சுப் பாத்த மாதிரி சந்தோஷமா பேசிட்டே இருக்காங்க. இவங்கள்லாம் யாரு?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. "இது 'பெர்சோனா 5'-இன் தொடர்ச்சி, அதை முடிக்காமல் உள்ளே போகாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எனக்கு அது அவ்வளவு பழகிப்போன விஷயம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதற்கப்புறம் இன்னும் சில ஸ்பின்-ஆஃப்களுக்கு எழுதி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகச் சறுக்கி, இப்போது எனக்கென்று ஒரு வரிசை வந்திருக்கிறது. நீங்கள் புதிதாக எழுத வருபவர் என்றால் இந்த வரிசையிலேயே போங்கள். பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர்ஸையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். நான் அதிகம் அடி வாங்கியது அதில்தான்.

1. யாருக்கு எழுதுகிறீர்கள்?

தீவிர ரசிகருக்கு உங்கள் விமர்சனம் தேவையில்லை. அவர் டீலக்ஸ் பதிப்பை முன்பதிவு செய்து, மற்றவர்களுக்கு நான்கு நாள் முன்பே ஆட ஆரம்பித்திருப்பார். ஸ்ட்ரைக்கர்ஸுக்கு அப்படித்தான் நடந்தது. நீங்கள் நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் அவர் கையில் கேம் ஏற்கெனவே இருக்கிறது. சீரிஸின் பெயரையே கேள்விப்படாதவரோ பெரும்பாலும் உங்கள் பக்கம் வரவே மாட்டார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற கூட்டம்தான் உங்களுடையது. ஸ்பின்-ஆஃபுக்கு மூலமான மெயின் கேமை அறுபது மணி நேரம் ஆடிவிட்டு, பரீட்சை வந்ததால் அப்படியே விட்டவர். நாலு வருஷத்துக்கு முன்பு முடித்து, பாத்திரங்களின் பெயர்களை மறந்தவர். அனிமே மட்டும் பார்த்தவர். சந்தாவில் சும்மா கிடைத்ததே என்று தொட்டுப் பார்ப்பவர். இவர்களை நான் பாதி ரசிகர்கள் என்பேன். வாங்கலாமா வேண்டாமா என்று நிஜமாகவே தயங்குவது இவர்கள்தான். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இவர்களில் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தம்பி.

2. வம்சாவளியை ஒரு காகிதத்தில் எழுதுங்கள்

கேமைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. அரை மணி நேரம் போதும். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: மெயின் கேமின் எந்தப் பதிப்போடு இது ஒட்டுகிறது? கதை அதற்கு முன்பா, பின்பா, நடுவிலா? யார் செய்தது? மெயின் கேமின் முடிவை இது போட்டு உடைக்கிறதா?

முதல் கேள்வியில்தான் நான் குப்புற விழுந்தேன். 'பெர்சோனா 5' ஜப்பானில் 2016 செப்டம்பரிலும் மற்ற நாடுகளில் 2017 ஏப்ரலிலும் வந்தது. அதன் விரிவாக்கப் பதிப்பான 'ராயல்' ஜப்பானில் 2019 அக்டோபர் 31, வெளியே 2020 மார்ச் 31. ஸ்ட்ரைக்கர்ஸ் ஜப்பானில் 'பெர்சோனா 5 ஸ்க்ராம்பிள்' என்ற பெயரில் 2020 பிப்ரவரி 20, வெளியே 2021 பிப்ரவரி 23. தேதிகளை அடுக்கிப் பார்த்தால் ராயலுக்கு அடுத்த கதை இது என்றுதானே தோன்றும்? இல்லை. ஸ்ட்ரைக்கர்ஸ் முதலில் வந்த 'பெர்சோனா 5'-இன் தொடர்ச்சி. ராயலில் புதிதாகச் சேர்ந்த கசுமி இதில் கிடையாது, ராயலின் கூடுதல் பகுதியைப் பற்றிய பேச்சும் கிடையாது. ராயல் மட்டும் ஆடியிருந்த நான், "கசுமியைக் கழற்றிவிட்டது ஏன்?" என்று ஒரு முழுப் பத்தி பொங்கியிருந்தேன். வெளியான ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் திருத்தினார்கள். மூன்று பேருமே என்னைவிடச் சின்னவர்கள், அது வேறு.

இரண்டாவது கேள்விக்கு இன்னும் இரண்டு உதாரணம். 'ஹைரூல் வாரியர்ஸ்: ஏஜ் ஆஃப் கலாமிட்டி' 2020 நவம்பர் 20 அன்று நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது, 2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கதைக்கு நூறு வருஷம் முன்பு நடப்பது. 'யாகுசா' சீரிஸின் ஸ்பின்-ஆஃபான 'லைக் எ டிராகன் கைடன்' 2023 நவம்பரில் வந்தது. 'யாகுசா 6'-க்குப் பிறகு நாயகன் கிரியு கசுமா என்ன ஆனார் என்பதைச் சொல்லி, 2024 ஜனவரியில் வந்த அதே சீரிஸின் 'இன்ஃபினிட் வெல்த்'துக்குப் பாலம் போடுவது. இப்படிப்பட்ட பால கேம்களில் ஒரு வில்லங்கம் உண்டு. பாலத்துக்கு இரண்டு கரை. பாதி ரசிகர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் பதிலே மாறும்.

மூன்றாவது கேள்வி சும்மா தகவலுக்கு இல்லை. ஸ்ட்ரைக்கர்ஸைச் செய்தது 'பெர்சோனா' சீரிஸின் நிறுவனமான அட்லஸின் பி-ஸ்டூடியோவும் கோயி டெக்மோவின் ஒமேகா ஃபோர்ஸும் சேர்ந்து. ஒமேகா ஃபோர்ஸ் 'டைனஸ்டி வாரியர்ஸ்' செய்தவர்கள் என்பதால், ஒரே ஆள் ஆயிரம் பேரை அடித்துத் தள்ளும் 'முசோ' வகை என்று பலரும் ஆடிப் பார்க்காமலே எழுதினார்கள். ஆடினால் தெரியும்: எதிரிகள் கூட்டமாக வருவது உண்மைதான், ஆனால் சண்டை நடுவில் நேரத்தை நிறுத்தி பெர்சோனாவை (பாத்திரத்துக்காகச் சண்டை போடும் மாயசக்தி உருவம்) தேர்ந்தெடுப்பது, எதிரியின் பலவீனத்தைத் தேடி அடிப்பது, எஸ்பி (அந்தச் சக்திகளுக்குச் செலவாகும் புள்ளி) தீராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அப்படியே 'பெர்சோனா 5'. பட்டனை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் முதல் பெரிய பாஸிடமே மண்ணைக் கவ்வுவீர்கள். நான்காவது கேள்விக்கு எட்டாவது படியில் வருகிறேன்.

3. காசுக் கணக்கு

வெளியான அன்று ஸ்ட்ரைக்கர்ஸ் 60 டாலர், கைடன் 50 டாலர். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் இந்திய விலை தனியாக ரூபாயில் இருக்கும், யுபிஐயிலும் கட்டலாம். டாலரை ரூபாயாக மாற்றி விலையை எழுதாதீர்கள். கடைப் பக்கத்தைத் திறந்து அன்றைய விலையைப் பார்த்து, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிளேஸ்டேஷன் விலையும் ஸ்டீம் விலையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஸ்பின்-ஆஃப் விமர்சனத்தில் சொல்ல வேண்டிய விலை ஒன்றல்ல, இரண்டு. மெயின் கேம் கையில் இல்லாதவருக்கு உண்மையான செலவு இரண்டும் சேர்ந்ததுதானே? கைடனில் ஐந்தே அத்தியாயம், மெயின் கேம்களோடு ஒப்பிட்டால் சின்னது, விலையும் குறைவு என்று எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மை. அதன் கடைசிக் காட்சி நெஞ்சை அறுக்க வேண்டும் என்றால் 'யாகுசா 6' ஆடியிருக்க வேண்டும். 'யாகுசா 6' புரிய வேண்டும் என்றால் அதற்கு முந்தியவற்றில் சிலதாவது. இப்படிப் போனால் சின்ன கேமின் பில் பெரிதாகிவிடும். சந்தாவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கைடன் வந்த அன்றே மைக்ரோசாஃப்டின் சந்தாவான கேம் பாஸில் இருந்தது. ஆனால் சந்தாப் பட்டியல் மாதாமாதம் மாறும், ஆகவே அதற்கும் தேதி போடுங்கள்.

கைக்காசு போட்டு வாங்குகிறீர்களா? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஸ்பின்-ஆஃப்களில் இந்த இரண்டு மணி நேரம் ஏமாற்றும். ஸ்ட்ரைக்கர்ஸில் அது முழுக்கப் பழைய நண்பர்கள் கூடிப் பேசுவதும், எந்தப் பட்டன் எதற்கு என்ற பாடமும்தான். கேமின் சுபாவம் அதற்கப்புறம்தான் வெளியே வரும். "இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று வாசகருக்கு யோசனை சொல்லும் முன், அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

4. ஓசி கோடு வந்தால்: காகிதங்களும் கண்ணிகளும்

கொஞ்ச நாள் எழுதினால் யாராவது ஒரு வெளியீட்டாளர் விமர்சனத்துக்கென்று, கேமை ஓசியில் இறக்க உதவும் கோடு (code) அனுப்புவார். சந்தோஷப்படுங்கள், ஆனால் கோடைப் போடுவதற்கு முன் மெயிலை முழுக்கப் படியுங்கள். பொதுவாக மூன்று சமாச்சாரம் இருக்கும்: கோடு, எம்பார்கோ தேதி (அதற்கு முன் விமர்சனத்தை வெளியிடக் கூடாது), எதுவரை சொல்லலாம் என்ற பட்டியல். மூன்றையும் தனியாக ஒரு ஃபைலில் சேமியுங்கள். எதுவும் வாய்மொழியாக வேண்டாம். சந்தேகம் இருந்தால் மெயிலிலேயே கேட்டு, வந்த பதிலையும் அதே ஃபைலில் போடுங்கள்.

கோடில் முதல் கண்ணி நாடு. பிளேஸ்டேஷன் கோடு எந்தப் பிராந்தியத்துக்கு உரியதோ அந்தப் பிராந்தியக் கணக்கில்தான் வேலை செய்யும். அமெரிக்கக் கோடு இந்தியக் கணக்கில் ஏறாது. "என் கணக்கு இந்தியாவில் திறந்தது, அதற்குப் பொருந்தும் கோடு வேண்டும்" என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். எனக்கு ஒருமுறை தப்பான கோடு வந்து, மாற்றுக் கோடு வருவதற்குள் நாலு நாள் போய்விட்டது. எம்பார்கோவுக்கு இருந்ததே ஒன்பது நாள்.

அடுத்தது நேரம். எம்பார்கோ பெரும்பாலும் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கும். அங்கே கோடையில் ஒரு கணக்கு, குளிர்காலத்தில் ஒரு கணக்கு. காலை 7 மணி பசிபிக் என்றால் அங்கே கோடைக் கணக்கு ஓடும்போது நமக்கு இரவு 7:30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு இரவு 8:30. பழைய ஞாபகத்தில் 7:30-க்கே போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி வெளியிட்டதற்காக மன்னிப்பு மெயில் எழுதியிருக்கிறேன். ஜப்பான் நேரம் என்றால் சுலபம்: அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், வருஷம் முழுக்க. அங்கே நள்ளிரவு 12 என்றால் இங்கே முந்தின நாள் இரவு 8:30.

எதுவரை காட்டலாம் என்ற பட்டியலை விளையாட்டாக எடுக்க வேண்டாம். 2017 ஏப்ரலில் 'பெர்சோனா 5' வந்தபோது, கேமுக்குள் இருக்கும் நாட்காட்டியில் ஜூலை 7-ஐத் தாண்டி வீடியோவோ நேரலையோ போடக் கூடாது, போட்டால் சேனலுக்கு ஆபத்து என்று அட்லஸ் அறிவித்தது. பெரிய சண்டையானது, அந்த மாதக் கடைசியில் தேதியை நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். பிளேஸ்டேஷன் 4-இல் படமும் வீடியோவும் எடுக்கும் ஷேர் பட்டனும் அந்த கேமுக்குள் முடக்கப்பட்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியும் என்று நம்பிக் கடைசி நாளில் உட்காராதீர்கள். முதல் மணி நேரத்திலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாவிட்டால் வெளியீட்டாளரிடமே படம் கேட்க நேரம் இருக்கும்.

கடைசியாக, ஓசியில் வந்ததை ஓசியில் வந்தது என்று சொல்லுங்கள். கட்டுரையின் முதல் சில வரிகளுக்குள், கண்ணில் படும்படி. இந்தியாவில் 2021-இல் விளம்பரத் தர மன்றமும் 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன; பணமாக இல்லாமல் பொருளாகக் கிடைத்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஸ்டீமில் விமர்சனம் எழுதினால் இலவசமாகப் பெற்றது என்று டிக் போட ஒரு கட்டம் உண்டு. ஸ்பின்-ஆஃபில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி: நீங்கள் இந்த சீரிஸில் எதையெல்லாம் ஆடியிருக்கிறீர்கள், எதை ஆடவில்லை. "ராயல் மட்டும் முடித்திருக்கிறேன், அனிமே பார்க்கவில்லை" என்று ஒரு வரி. கசுமி பத்தியை எழுதிய அன்று இந்த வரி மேலே இருந்திருந்தால், படித்தவர்கள் என்னைத் திட்டாமல் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

5. நேரக் கணக்கு

'பெர்சோனா 5' சாவகாசமாக ஆடினால் நூறு மணி நேரத்தைத் தொடும். ஸ்ட்ரைக்கர்ஸ் எனக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். வேலைக்குப் போய்க்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மூன்று வாரம். எழுத இரண்டு மாலை, மறுவாசிப்புக்கு ஒரு மாலை. இதைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேதி சொல்ல வேண்டும்.

மெயின் கேம் ஆடவில்லை, நூறு மணி நேரமும் இல்லை என்றால்? இரண்டு நேர்மையான வழி இருக்கிறது. ஒன்று, எழுதாமல் விடுவது. இன்னொன்று, "சீரிஸ் தெரியாமல் ஆடினேன்" என்று அறிவித்துவிட்டுப் புதியவராகவே எழுதுவது. உண்மையில் இது அபூர்வமான, பயனுள்ள விமர்சனம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, யூடியூபில் கதைக் காட்சிகளை மட்டும் ஒட்டிவைத்த வீடியோவைப் பார்த்துவிட்டு ரசிகர் வேஷம் போடுவது. மாட்டிக்கொள்வீர்கள். கதை தெரிந்திருக்கும், ஒரு நாளை வீணடித்துவிட்டோமே என்று கேமுக்குள் பதறிய அனுபவம் இருக்காது. அது ஏன் முக்கியம் என்று ஏழாவது படியில் வருகிறது.

கிரெடிட்ஸ் ஓடும்வரை ஆடுங்கள். முடிக்காமல் எழுதினால் எங்கே நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். ஸ்ட்ரைக்கர்ஸில் கதை ஜப்பானில் ஊர் ஊராக நகரும்; குறைந்தபட்ச எல்லை மூன்றாவது ஊரான சப்போரோ என்பேன். ஷிபுயாவில் கேம் தன் முறையை அறிமுகம் செய்கிறது, சென்டாயில் அதையே திரும்பச் செய்கிறது, சப்போரோவுக்குப் போகும்போதுதான் இந்தத் திரும்பச் செய்தல் உங்களுக்கு அலுக்குமா அலுக்காதா என்று தெரியும்.

முதல் நாளே வெளியிட வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். பாதி ரசிகர் முதல் நாள் வாங்குவதில்லை. தள்ளுபடி வரும்போது, சந்தாவில் வரும்போது தேடுவார். அந்தத் தம்பி பதினோரு மாதம் கழித்துத்தான் என் விமர்சனத்துக்கு வந்தான்.

6. ஆடும்போது குறிப்பு: ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி

போனில் குறிப்பெடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு மெசேஜ் வந்தால் போச்சு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் என்ன நடந்தது, வலது பக்கம் அது ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை. என் ஸ்ட்ரைக்கர்ஸ் நோட்டிலிருந்து அப்படியே மூன்று வரி:

"நாயகன் தன் பழைய லெப்லாங் காபிக் கடைக்குள் நுழைகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. / இது நல்ல காட்சியா, இல்லை நூறு மணி நேரம் அங்கே உட்கார்ந்து கறியும் காபியும் பார்த்த ஞாபகமா? ஞாபகம்தான்."

"ஸோஃபியா. மனித மனசு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். / இவள் புதுசு. பழசு எதுவும் தெரியாமலே பிடிக்கும்."

"ஜென்கிச்சி. போலீஸ்காரர், கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறார். / கேமிலேயே பெரிய மனுஷர் இவர்தான். தெரியாதவருக்கும் பிடிக்கும்."

இந்த வலது பக்கத்தை எழுதாமல்தான் முதல் தடவை ஏமாந்தேன். ரசிகருக்கு ஞாபகமும் கேமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரு காட்சி உங்களை உலுக்கினால் உடனே கேளுங்கள்: இதே காட்சியில் எனக்குத் தெரியாத நாலு பேர் இருந்திருந்தால்? பழைய ஞாபகம்தான் உலுக்கியது என்றால் அது குறை இல்லை. ரசிகர்களுக்காகச் செய்த கேம் அந்த ஞாபகத்தைத் தட்டி எழுப்பத்தானே வந்திருக்கிறது? ஆனால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோட்டைக் கடைசியில் புரட்டி, வலது பக்கத்தில் 'ஞாபகம்' எத்தனை, 'புதுசு' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர்ஸில் எனக்குச் சரிபாதி வந்தது. வேறொரு கேமில் எல்லாமே 'ஞாபகம்' என்று வந்தது. அதற்கு எழுதிய விமர்சனம் மூன்று பத்தியில் முடிந்தது.

7. எது போயிற்று, எது வந்தது

விமர்சனத்தின் இதயம் இந்தப் பகுதி. இங்கே நிறைய இடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பெர்சோனா 5' உங்களை ஒரு நாட்காட்டியில் கட்டிப்போடும். மாளிகைக்குள் (எதிரிகளோடு மோதும் இடம்) ஒரு தடவை போய்வந்தால் அன்றைய பொழுது போச்சு. கெடு தேதி நெருங்கும். எஸ்பி தீர்ந்துவிட்டால் இன்றைக்குத் திரும்பலாமா, இருக்கிறதை வைத்து இன்னும் ஒரு அறை போகலாமா என்று வயிற்றைப் பிசையும். ஒரு சாயங்காலத்தை நண்பனுக்குக் கொடுப்பதா, படிப்புக்குக் கொடுப்பதா என்று நூறு தடவை யோசிப்பீர்கள். ஆடியவர்களுக்கு அந்தப் பதற்றம்தான் கேம்.

ஸ்ட்ரைக்கர்ஸில் அந்தப் பதற்றம் இல்லை. மாளிகைக்குப் பதிலாக இதில் வரும் ஜெயிலிலிருந்து செக்பாயிண்ட் வழியே வெளியே வந்தால் எச்பி (உயிர்ப் புள்ளி), எஸ்பி எல்லாம் நிறைந்துவிடும். திரும்ப உள்ளே போகலாம். நாட்காட்டியில் ஒரு நாள்கூட நகராது. ஒவ்வொருவரோடும் தனித்தனியாக வளர்த்த உறவுக்குப் பதில் மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே பிணைப்பு மட்டம், அதில் கிடைக்கும் புள்ளியில் திறன்களை வாங்கலாம். கோடை விடுமுறை, ஒரு கேம்பர் வண்டி, ஊர் ஊராகப் போய்ச் சாப்பாடு. விடுமுறைக் கதைக்கு இது பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது. லீவில் யாராவது கெடு தேதி வைப்பார்களா? ஆனால் மெயின் கேமில் அந்தப் பதற்றத்துக்காகவே உட்கார்ந்தவருக்கு இது உப்பில்லாத சாப்பாடு. நீங்கள் இதை எழுதவில்லை என்றால் வேறு யார் அவருக்குச் சொல்வது?

இதேபோல் உங்கள் கேமுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். போனது எது, வந்தது எது, வந்தது போனதை ஈடுகட்டுகிறதா? கைடனில் கிரியு ஜோரியு என்ற பெயரில் ரகசிய உளவாளியாக இருக்கிறார்; பழைய அடிதடியோடு கையிலிருந்து பாயும் கம்பி, காலில் ஜெட் பூட்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கிரியுவை முஷ்டிக்காக நேசித்தவர்கள் பூட்ஸைப் பார்த்து முகம் சுளிக்கலாம், வாய்விட்டும் சிரிக்கலாம். நான் இரண்டாவது ரகம். நீங்கள் எந்த ரகம் என்று சொல்லுங்கள்.

8. ஸ்பாய்லர்: இரண்டு கதையைக் காப்பாற்ற வேண்டும்

சாதாரண கேமில் ஒரு முடிவைக் காப்பாற்றினால் போதும். இங்கே இரண்டு. புதிய கதையின் முடிவை எல்லோரும் ஜாக்கிரதையாக மறைப்பார்கள், மெயின் கேமின் முடிவைப் போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். கூட்டத்தில் கடைசியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே 'பெர்சோனா 5'-இல் பாதி சுவாரஸ்யம். ஸ்ட்ரைக்கர்ஸின் அட்டைப் படமே அதை உடைத்துவிடுகிறது. கேம் உடைத்ததை நீங்கள் மறைக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: கட்டுரையின் தலையில், படத்துக்கும் மேலே, "மெயின் கேமை முடிக்காதவர்கள் படத்தைக்கூடப் பார்க்க வேண்டாம்" என்று போடுங்கள். முகப்புப் படத்துக்கு ஊர்க் காட்சி எதையாவது வையுங்கள், முகங்கள் வேண்டாம்.

இதைவிடச் சிக்கலான இடம், கேம் கொடுத்த வாக்கு ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்கிறபோது. ஏஜ் ஆஃப் கலாமிட்டியை நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேரழிவை நேரில் காணும் கதையாக விளம்பரம் செய்தார்கள். முடித்த ரசிகர்களில் பலருக்குக் கோபம். ஏன் என்று சொன்னால் கதை போய்விடும். சொல்லாவிட்டால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும். இதற்கு நான் கண்ட வழி: கேமே இலவசமாகக் காட்டியதை மட்டும் சுட்டிக்காட்டுவது. அதன் டெமோ 2020 அக்டோபர் 28 அன்றே வந்துவிட்டது. கார்டியன் என்ற ஒரு குட்டி ரோபோ காலத்தில் பின்னோக்கிப் போவது முதல் சில நிமிடங்களிலேயே வருகிறது. "அந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இது வரலாற்றுப் பாடம் இல்லை" என்று எழுதினால் புரிய வேண்டியவருக்குப் புரியும். டெமோவில் ஆடியதை முழு கேமுக்குக் கொண்டுபோகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் டெமோவை இறக்கத் தயங்க மாட்டார்கள்.

9. எழுதும் நேரம்

முதல் வரைவில் "ரசிகர்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்" என்ற வாக்கியத்தைத் தேடிப் பிடித்து வெட்டுங்கள். எந்த ரசிகருக்கு, எதற்காக என்று சொல்லாதவரை அதில் ஒன்றுமே இல்லை. ஸ்ட்ரைக்கர்ஸுக்கு நான் பிறகு திருத்திப் போட்ட முடிவுப் பத்தி இது:

"'பெர்சோனா 5' முடித்து, அந்தக் கூட்டத்தை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்று இருப்பவர்கள் முழு விலை கொடுக்கலாம். பாதியில் விட்டவர்கள் முதலில் அதை முடியுங்கள்; இது அதன் கடைசிப் பகுதியை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடும். ராயல் மட்டும் ஆடியவர்கள் தாராளமாக வரலாம், ராயலில் புதிதாக வந்தவர்களைத் தேட வேண்டாம். சண்டை மட்டும் போதும் என்பவர்கள் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். சண்டை நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவே பேச்சு அதிகம்."

நாலு விதமான ஆளுக்கு நாலு பதில். மதிப்பெண் போடச் சொல்லிக் கேட்டால் நான் போடுவதில்லை. மெயின் கேம் முடித்தவருக்கு எட்டு, தெரியாதவருக்கு நாலு என்று இருக்கிற கேமுக்கு ஆறு போட்டால் அந்த ஆறு யாருக்கு? எழுதும் இடத்தில் கட்டாயம் என்றால், எந்த வாசகருக்கான எண் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சம்மதம் வாங்குங்கள்.

மெயின் கேமின் அறிமுகத்துக்கு நாலு வரிக்கு மேல் எடுக்க வேண்டாம். பாத்திரங்களின் பெயரை முதல் தடவை சொல்லும்போது ஆள் யார் என்று இரண்டு சொல்லில் ஒட்டிவிடுங்கள்: "ஹேக்கர் ஃபுடாபா", "ஓவியன் யூசுகே". தெரிந்தவருக்கு உறுத்தாது, மறந்தவருக்கு ஞாபகம் வரும். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரே கட்டுரையில் 'பெர்சோனா', 'பர்சோனா' இரண்டும் எழுதியிருக்கிறேன். தேடி வருபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

அனுப்புவதற்கு முன் சீரிஸ் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்க வேண்டாம், நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். "வாங்குவியா, மாட்டியா, ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியாமல் முழித்தால் இன்னும் வேலை இருக்கிறது.

10. வெளியிட்ட பிறகு

மூன்று தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் பெரிய பேட்ச் (கேமின் பிழைகளைச் சரிசெய்யும் திருத்தம்) வரும் வாரம், ஸ்டீமின் கோடைக்கால விற்பனை, அடுத்த மெயின் கேம் வரும் நாள். பேட்ச் வந்தால் நீங்கள் குறை சொன்ன விஷயம் சரியாகியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை நேரத்தில் விலை வரியைத் திருத்துங்கள். அடுத்த கேம் வந்தால், இதை ஆடாமல் அதற்குப் போகலாமா என்ற கேள்விக்கு இரண்டு வரி சேருங்கள். மூன்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். திருத்தியதை மறைக்காமல், என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று அடியில் எழுதுங்கள். என் ஸ்ட்ரைக்கர்ஸ் விமர்சனத்தின் அடியில் இப்போது நாலு திருத்தம் இருக்கிறது. முதல் திருத்தம் கசுமி. இரண்டாவது, 2022 ஜனவரித் தேதி போட்டு, மேலே சேர்த்த ஒரு வரி: "இவர்கள் எல்லாம் யார் என்று கேட்பவர்கள், முதலில் 'பெர்சோனா 5' ஆடிவிட்டு வாருங்கள்."